ஏழாம் வகைப் போதை

சென்னியப்பன் இரண்டாவது முறை பிடிபட்டபோது அவன் கையில் இருந்தது இட்லித் தட்டு.

மெஸ் வாசல் நிலைக்கு மேலே பொருத்தியிருந்த மூக்கன் சிவப்பு விளக்கைப் போட்டது. பிறகு, பேருந்து நிலையத்தில் வண்டி நேரம் சொல்லும் குரலில், கல்லூரி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது: “சென்னியப்பன். நான்காம் ஆண்டு, இயந்திரவியல். போதை, வகை ஏழு. இரண்டாம் முறை.”

முன்னூறு பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள். இட்லி இருந்த தரத்துக்கு அது அவர்களுக்கு ஒரு பெரிய நிம்மதி.

“ஏன்டா, காலங்காத்தாலயேவா?” என்றான் அறைத்தோழன் கௌஷிக்.

“நான் ஒண்ணும் அடிக்கலடா. டீ கூடக் குடிக்கறதில்ல, உனக்கே தெரியும்.”

“டீ குடிக்காதவனத்தான்டா நம்பக் கூடாது. அதென்ன வகை ஏழு? எனக்கு ஆறு வரைக்குந்தான் தெரியும். எங்க கெடைக்குதுன்னு சொல்லுடா, தனியா அடிச்சா ஒடம்புக்கு ஆகாது.”

வெள்ளக்கரடு பொறியியல் கல்லூரியில் முன்பெல்லாம் வார்டன்தான் மோந்து பார்ப்பார். கூர்மையான மூக்குதான். ஆனால் எந்தப் பையன் யாருடைய மகன் என்பதும் அவருக்குத் தெரியும் என்பதால், பதினெட்டு வருடத்தில் ஒருவனும் பிடிபடவில்லை. கல்லூரி போதையற்ற வளாகம் என்று மூன்று முறை பாராட்டுக் கேடயம் வாங்கியது. பிறகு ஒரு நாள் தாளாளர் அர்த்தனாரி இந்த இயந்திர மூக்கை வாங்கி வாசலிலும் மெஸ்ஸிலும் விடுதியிலும் மாட்டினார். மூச்சு, வியர்வை, நாடி, கண், பேச்சு எல்லாவற்றையும் அது இரண்டு நொடியில் பார்த்துவிடும். பெரிய பெயர் ஒன்று அதற்கு இருந்தது. பையன்கள் மூக்கன் என்றார்கள்.

“இதுக்கு யாரையும் தெரியாது. அதுதான் இதோட தகுதி,” என்று திறப்பு விழாவில் தாளாளர் பேசினார். மூன்று முறை சிவப்பு விழுந்தால் டி.சி. மேல்முறையீடு கிடையாது. அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவன் சென்னியப்பன்.

கடைசிப் பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அவன் அப்பா மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ரிக் வண்டியில் ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் முதல் பட்டதாரி என்று உறவுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு கடா வெட்டவும் நேர்ந்துவிட்டிருந்தார். கடாவுக்கும் சென்னியப்பனுக்கும் ஒரே தேதியில்தான் முடிவு தெரிய வேண்டியிருந்தது.

இட்லியை வைத்துவிட்டு நேராக ஆய்வகத்துக்குப் போனான். மூக்கனைப் பராமரிக்கும் ஆனந்தவல்லி மேடம் அங்கே ஒரு கருவியின் தூசியை இன்னொரு கருவியின் மேல் தட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், வகை ஏழுன்னா என்னங்க?”

“தெரியாது.”

“மெசினப் பாத்துக்கறது நீங்கதானுங்களே?”

“பாத்துக்கறேன். இதுவரைக்கும் யாரும் கேக்கல, அதனால நானும் அதுக்குள்ள பாக்கல. மாணவர்கள்ல வகை ஏழுன்னு மாட்டுனது நீ ஒருத்தன்தான். ஆசிரியர்கள் பட்டியல் வாராவாரம் மூடுன கவர்ல தாளாளருக்குப் போகும். அவர் இன்னும் ஒரு கவரையும் பிரிக்கல.”

பட்டியலைத் திரையில் திறந்தார். பிராந்தி ஒன்று, சிகரெட் இரண்டு, பீடி மூன்று, கன்னத்தில் ஒதுக்கும் தூள் நான்கு, கஞ்சா ஐந்து, மாத்திரை ஆறு. ஏழுக்கு வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“தாளாளர் ஐயா,” என்றார்.

சென்னியப்பன் சட்டென்று எழுந்து நின்று சட்டைக் காலரைச் சரிசெய்தான். “கூப்பிடறாருங்களா?”

“உக்காருப்பா. வகை ஏழே அவர்தான்.”

அவன் உட்காரவில்லை. உட்காருவதற்கு முதலில் அந்த வாக்கியம் புரிய வேண்டியிருந்தது.

“போன வருஷம் எல்லார்கிட்டயும் உறுதிமொழிப் படிவம் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? ‘மாணவருக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா? இருப்பின் பெயரைக் குறிப்பிடவும்’னு அடிச்சுக் கொண்டுபோனோம். நம்ம காலேஜ் படிவத்துல கெட்டங்கற சொல்லே இருக்கக் கூடாதுன்னு தாளாளர் அத அடிச்சுட்டாரு. வெறும் பழக்கம்னு ஆயிடுச்சு. படிவத்த நிரப்புனது பெத்தவங்க. பழக்கம் உண்டா, பேர் என்னன்னு கேட்டா உங்க ஊர்ல என்ன எழுதுவாங்க?”

சென்னியப்பன் இப்போதுதான் உட்கார்ந்தான். “யாரத் தெரியும்னு எழுதுவாங்க.”

“எழுதியிருக்காங்க. நாலு பேர் எம்.எல்.ஏ., ஒருத்தர் தாலுகா ஆபீஸ் கிளார்க். பிராந்தின்னு எழுதினது ரெண்டே பேர், அதுல ஒருத்தர் தன்னோட பழக்கத்தச் சொல்லியிருக்கார். தாளாளர் ஐயான்னு எழுதினது இருநூத்திப் பதினொரு பேர். இது உங்கப்பா எழுதினது.”

ஆணி அடித்தது போன்ற எழுத்தில் இருந்தது: ‘தாளாளர் ஐயா. நெடுநாள் பழக்கம்.’

“எங்கப்பா அவரு தோட்டத்துல ஒருக்கா போர் போட்டாருங்க. அவ்வளவுதான். தண்ணி கூட வரலீங்க.”

“மெசினுக்கு அது தெரியாதுல்ல? போதைப் பட்டியலுக்குன்னு அந்தப் படிவத்தத்தான் அதுக்குள்ள ஏத்தினோம். இருநூறு பேர் ஒத்துக்கிட்ட ஒரே போதைப் பொருள்னு எடுத்துக்கிச்சு. திறப்பு விழா மேடையில நாப்பது தடவ தாளாளர் ஐயான்னு மைக்ல சொன்னாங்க. யாரச் சொல்றாங்கன்னு பாத்து மோந்து வச்சுக்கிச்சு.”

“தப்புத்தானுங்களே மேடம் அது?”

“அங்கதான் சிக்கல். வாசனைய மட்டும் வச்சு அது சிவப்புப் போடாது. அறிகுறியும் சேரணும். அவர் ரூமுக்குப் போயிட்டு வர்றவங்களுக்கு நாடி நூத்திப் பத்து. நாக்கு குழறுது. முதுகு நிமிர மாட்டேங்குது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க, அதுவும் ‘ஆமாங்கய்யா’ மட்டுந்தான். சொந்தமா முடிவெடுக்கற திறன் ரெண்டு மணி நேரத்துக்கு வேலை செய்யறதில்ல. பிராந்திக்கே இவ்வளவு சுத்தமா வரலன்னு குறிப்பு வேற எழுதியிருக்கு.”

“பட்டியல்ல இருந்து நீக்கிருங்க மேடம்.”

“நீக்கறதுக்கு அவர் கையெழுத்து வேணும். என்னன்னு சொல்லி வாங்கறது?”

சென்னியப்பன் தினமும் காலை ஏழு மணிக்குத் தாளாளர் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் அவருக்குப் பேச்சு எழுதுவான். மரம் நடுவிழா, ரத்த தானம், போதை ஒழிப்பு எதுவானாலும். கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனி வைத்திருக்கும் தன் மச்சினனிடம் அவன் வேலைக்காக ஒரு வார்த்தை சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அது மட்டும் காரணமில்லை. எழுதியதைப் படித்துவிட்டு, “நம்ம தம்பி எழுத்தே தனிடா,” என்பார். மூக்கன் வந்த பிறகு அப்படிச் சொன்னது இரண்டே நாள். கேட்கும்போது தொண்டையில் ஏதோ இனிப்பாக ஏறும். அதை அவன் இத்தனை நாளும் தன்மானம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் முறைக்கு விசாரணை உண்டு. மறுநாள் கருத்தரங்க அறையில் நடந்தது. நடுவில் தாளாளர். பக்கத்தில் முதல்வர் சண்முகவடிவேல், நாற்காலியின் முன் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் முனைவர் பட்டம் பெற்றதே அப்படி உட்காருவதில்தான் என்று கௌஷிக் சொல்வான். ஓரத்தில் ஆனந்தவல்லி மேடம்.

“என்னடா தம்பி, நீயா இப்பிடி?” தாளாளர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். “போதை ஒழிப்புப் பேச்ச எழுதற கை. செரி, மறைக்காமச் சொல்லு. அந்தக் கருமத்தோட பேரென்ன?”

சென்னியப்பன் முதல்வரைப் பார்த்தான். முதல்வர் மின்விசிறியைப் பார்த்தார்.

“சொல்ல முடியாதுங்கய்யா.”

“ஏன்? விக்கறவன் பெரிய எடமா?”

“ஆமாங்கய்யா.”

“எவனா இருந்தாலும் உடமாட்டேன். எங்கிருந்து வருது?”

சென்னியப்பன் கடாவை நினைத்துக்கொண்டான். “உங்க ரூம்ல இருந்துங்கய்யா. அந்தப் போதையே நீங்கதானுங்கய்யா.”

முதல்வருக்கு இருமல் வந்தது. வந்ததை விட அதிகமாக இருமினார். ஆனந்தவல்லி மேடம் எழுந்து, பழக்கம் என்ற சொல்லில் தொடங்கி முழுவதையும் வண்டி அட்டவணை வாசிப்பது போல வாசித்து முடித்தார். அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. மூச்சுவிடுவது அந்த வளாகத்தில் எப்போதுமே அபாயம்தான்.

தாளாளர் ஆனந்தவல்லி மேடத்தின் பக்கம் திரும்பினார்.

“பிராந்தி எத்தனைன்னீங்க?”

“ரெண்டுங்க ஐயா.”

“சிகரெட்டு?”

“அஞ்சுங்க.”

“நானு?”

“இருநூத்திப் பதினொண்ணுங்க.”

தாளாளர் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. “அப்ப மெசின் கரெக்டாத்தான் வேல செய்யுது.”

“ஆமாங்கய்யா,” என்றார் முதல்வர். “அருமையான மெசினுங்கய்யா.”

“மெசின் தப்புன்னா அத வாங்கின நாந் தப்பு. நாந் தப்புப் பண்றதில்ல. அந்தப் பட்டியல பிரேம் போட்டு என் ரூம்ல மாட்டுங்க.”

“மாட்டலாங்கய்யா,” என்றார் ஆனந்தவல்லி மேடம், அதே அட்டவணைக் குரலில். “ஆனா நம்ம காலேஜ் விதியில நாலாவது இருக்குங்க. போதைப் பொருள் கல்லூரிக்கு நூறு கஜத்துக்குள்ள இருக்கக் கூடாது. உங்க கையெழுத்துத்தானுங்க.”

“மேடம்!” என்று முதல்வர் அலறினார். “ஐயா, நீங்க போகக் கூடாதுங்கய்யா. நீங்க இல்லாம இந்தக் காலேஜே இல்லீங்கய்யா.”

தாளாளர் கண்ணை மூடிக்கொண்டார். “இன்னொருக்காச் சொல்லுங்க.”

முதல்வர் இன்னொரு முறை சொன்னார். தாளாளர் அதைக் கேட்டு முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். “சட்டம்னா எனக்கும் சட்டந்தான். வாத்தியாருகளுக்கும் இனி இதே சட்டம். மூணுன்னா வேல போயிரும். பேப்பர்காரங்களுக்குச் சொல்லியுடுங்க.” நாலு நாளில் ஊரே வந்து தன்னைத் திரும்ப அழைக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“அய்யா,” என்று சென்னியப்பன் பின்னாலேயே ஓடினான். “எம் பேருல இருக்கற ரெண்டு சிவப்பு?”

“மெசின் சரிங்கறப்ப உன்ற ரெண்டும் சரிதானே கண்ணு?”

குற்றமற்றவன் என்று நிரூபித்ததன் மூலம் சென்னியப்பன் தன் குற்றத்தை உறுதிசெய்திருந்தான். தாளாளர் வாசலைத் தாண்டி நடந்தார். தடுப்புக் கம்பி அவருக்குப் பின்னால் இறங்கியது.

வாசலிலிருந்து நூறு கஜத்தில் சாலையின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு உண்டு. புகையிலை விற்கக் கூடாது என்பதற்காக எப்போதோ போட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. தாளாளர் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

உள்ளே முதல் இரண்டு நாள் மோசமாகப் போனது. முதல்வர் ஒரு விடுப்பு விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு, இதில் கையெழுத்துப் போடலாமா என்று முதலில் வாட்ச்மேனிடமும் பிறகு அந்த விண்ணப்பத்தைக் கொடுத்தவரிடமும் கேட்டார். துறைத் தலைவர் ஒருவர் வகுப்பு நடுவில், “ஆமாங்கய்யா,” என்றார். யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒவ்வொருவராக வெளியே போய்வரத் தொடங்கினார்கள். “ஒரு அஞ்சு நிமிஷம்,” என்பார்கள். கோட்டைத் தாண்டி, டீக்கடை மறைவில் ஒரு வணக்கம் வைத்து, இரண்டு “ஆமாங்கய்யா” சொல்லி, முகம் தெளிந்து திரும்புவார்கள். வாசலில் மூக்கன் ஊருக்கே கேட்கும்படி பெயர் சொல்லும். இந்த விஷயத்தில் அனுபவசாலிகளான கௌஷிக் கூட்டத்தார் பரிதாபப்பட்டு உதவிக்கு வந்தார்கள். “சார், வந்த உடனே வாசல்கிட்டப் போகாதீங்க. பத்து நிமிஷம் நடங்க. நாடி எறங்கட்டும். மனசுக்குள்ள ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க.” முதல்வர் அதைக் குறித்துக்கொண்டார். அந்தக் கல்லூரியில் மாணவர் சொல்லி ஆசிரியர் குறிப்பெடுத்தது அதுவே முதல் தடவை.

இருந்தும் ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் இரண்டு சிவப்பு ஆகிவிட்டது. ஒரே நாளில் எல்லோரும் நிறுத்தினார்கள்.

சென்னியப்பன் போகவில்லை. காலை ஏழு மணிக்கு முன்பே விழிப்பு வந்துவிடும், தொண்டை வறண்டு கிடக்கும். படித்தான். மெல்ல மெல்ல ஏழு மணிக்குப் பிறகும் தூங்கப் பழகினான்.

பரீட்சைக்கு முந்தின நாள் மதியம் தொலைபேசி அடித்தது.

“கண்ணு, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்.”

“நாளைக்குப் பரீட்சைங்கய்யா. மூணாவது உழுந்தா டி.சி.ங்க.”

“தாண்டி வர வேண்டாம். கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லு.” குரல் தேய்ந்திருந்தது. “அஞ்சு நிமிஷம்.”

நான்கு மணி வெயிலில் சென்னியப்பன் கோட்டின் இந்தப் பக்கம் நின்றான். தாளாளர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்து வந்து அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார். நடுவில் இரண்டடி. டீக்கடைக்காரர் அவருக்குக் காசு வாங்காமல் டீ கொடுத்தார், ஆனால் எழுந்து நின்று கொடுக்கவில்லை.

“யாரையும் காணமுங்களே?”

“ரெண்டு ரெண்டு ஆயிப்போச்சாமா. மூணாவதுக்கு எவனுக்கும் தெம்பில்ல. சண்முகவடிவேலு இப்பெல்லாம் அவரே முடிவெடுக்கறாராமே?”

“நேத்து ரெண்டு எடுத்தாருங்க.”

“ஓ,” என்றார். “நானில்லாம காலேஜு எப்பிடிப்பா இருக்குது?”

“நல்லா இருக்குதுங்க,” என்றான் சென்னியப்பன்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. ஏதாவது ஆகும் என்று காத்திருந்தான். நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. எதிரே ஒரு அறுபத்தெட்டு வயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். தாடையில் சவரம் செய்தபோது வெட்டிக்கொண்ட காயம் இருந்தது. நான்கு வருடத்தில் அவர் முகத்தை அவன் பார்ப்பது இப்போதுதான். அதற்கு முன்பெல்லாம் அவர் செருப்பு வரைக்கும்தான் தெரியும்.

“மச்சினங்கிட்ட உன்ற வேலைக்குச் சொல்லட்டுமா?”

“வேண்டாங்க. நானே தேடிக்கறனுங்க.”

அவர் டீயைக் கீழே வைத்தார். “செரி, போ. நல்லா எழுது.” அவன் திரும்பியதும் பின்னாலிருந்து சொன்னார், “மூக்கன் சொல்றது இங்க வரைக்கும் நல்லாக் கேக்குது தம்பி. காத்து இந்தப் பக்கந்தான் அடிக்குது.”

மிரட்டுகிறார் என்று நினைத்தான். வாசலுக்கு நடந்தான். இரண்டடித் தூரத்தில் இவ்வளவு நேரம் நின்றாயிற்று, சட்டை முழுக்க அவர் வாசனைதான் இருக்கும். மூக்கன் இரண்டு நொடிக்குப் பதில் நாலு நொடி எடுத்துக்கொண்டது. அப்பாவின் கடா கண்முன் வந்து போனது.

பச்சை விளக்கு எரிந்தது. “போகலாம்,” என்றது மூக்கன், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். பச்சைக்கு ஒலிபெருக்கி கிடையாது.

தடுப்புக் கம்பி உயர்ந்தது. ஒரு காலை உள்ளே வைத்தவன் ஏனோ திரும்பிப் பார்த்தான். தூரத்தில் தாளாளர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். வலது கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, வாசலையே பார்த்து, நின்றுகொண்டிருந்தார். அசையவில்லை.

இந்த மனுஷன் மிரட்டவில்லை. பத்து நாளாக டீக்கடையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். தன்னைப் பார்த்துவிட்டுப் போனவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் ஏறுகிறது என்று.

அவர் காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

போய்விடலாம் என்று சென்னியப்பன் நினைத்தான். நாளைக்குப் பரீட்சை. பச்சை விழுந்தாயிற்று. ஆனால் ஒரு காசு செலவில்லாமல் ஒரு கிழவருக்குச் சந்தோஷம் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டு கையையும் வாயருகே குவித்து, மூக்கனின் அதே ஏற்ற இறக்கத்தில் கத்தினான்:

“சென்னியப்பன்! நான்காம் ஆண்டு, இயந்திரவியல்! போதை, வகை ஏழு! மூன்றாம் முறை!”

தாளாளரின் கை காதிலிருந்து இறங்கியது. தலையை ஆட்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவு தூரத்திலும் அவர் சிரிப்பது தெரிந்தது. நம்ம தம்பி எழுத்தே தனிடா என்று சொல்வது போலத்தான் இருந்தது. சென்னியப்பனுக்குத் தொண்டையில் இனிப்பாக ஏதோ ஏறியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. தன் கைகள் கூப்பியிருப்பதையும், முதுகு முன்னால் சாய்ந்திருப்பதையும் அவன் கவனித்தபோது, தலைக்கு மேலே சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. உயர்ந்த கம்பி இறங்கி அவன் தோளைத் தொட்டு நின்றது.

“சென்னியப்பன்,” என்றது மூக்கன், ஊருக்கே கேட்கும்படி. “நான்காம் ஆண்டு, இயந்திரவியல். போதை, வகை ஏழு. மூன்றாம் முறை.”

அதை இரண்டாவது தடவையும் கேட்ட மகிழ்ச்சியில், மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் தாளாளர் மறுபடி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.